கடன் போன பாடவேளைகள்: உடற்கல்வி, கலை, கைத்திறன் மதிப்பீடு வந்த வழி

ஆறாம் ஆண்டு வகுப்பில் ஜூலை மாதம் பிறந்துவிட்டால் உடற்கல்விக்கு நேரம் சரியில்லை என்று அர்த்தம். செப்டம்பரில் யூ.பி.எஸ்.ஆர். பிள்ளைகள் விளையாட்டுச் சட்டையோடு வந்து உட்கார்ந்திருப்பார்கள். "சார், இன்னிக்கு பி.ஜே. இருக்கா?" என்று வகுப்புத் தலைவன் தயங்கித் தயங்கிக் கேட்பான். "இந்தக் கணக்க மட்டும் முடிச்சிடுவோம், அப்புறம் திடலுக்குப் போகலாம்" என்பேன். அந்த ‘அப்புறம்’ வருவதற்குள் மணி அடித்துவிடும். கலைப்பாடத்துக்கும் இசைப்பாடத்துக்கும் அதே கதிதான். "இன்னிக்கு உங்க வேளைய கடன் கொடுங்க டீச்சர்" என்று சக ஆசிரியரிடம் கேட்டு வாங்குவோம். திருப்பிக் கொடுத்ததாக எனக்கு நினைவில்லை.

இதைப் படிக்கும் ஆசிரியர்களில் பாதிப் பேராவது இந்தக் கடனை வாங்கியிருப்பார்கள், அல்லது கொடுத்திருப்பார்கள். ஆனால் இது சில ஆசிரியர்களின் பேராசையால் வந்த பழக்கம் இல்லை. நம் நாட்டுக் கல்வி வரலாற்றில் கையும் உடலும் கலையும் எந்த இடத்தில் வைக்கப்பட்டன, எவை தேர்வுத் தாளுக்குள் வந்தன, எவை வெளியே நின்றன என்று பார்த்தால்தான் இந்தக் கடனின் வேர் தெரியும். எஸ்.பி.எம்., எஸ்.தி.பி.எம். மாணவர்கள் ரசாக் அறிக்கை, ரஹ்மான் தாலிப் அறிக்கை என்று ஆண்டோடு சேர்த்து மனப்பாடம் செய்கிறார்கள். அந்த அறிக்கைகள் ஒரு பிள்ளையின் கால அட்டவணைக்குள் என்ன செய்தன என்பதை யாரும் கேட்பதில்லை.

தோற்றவர்களுக்குக் கைத்தொழில்

கைத்திறனுக்கு நம் பள்ளிகளில் இடமே இருந்ததில்லை என்று சொல்ல முடியாது. 1917இல் வின்ஸ்டெட் அளித்த அறிக்கை, மலாய்த் தொடக்கப் பள்ளிகளில் கூடை முடைதலையும் தோட்டவேலையையும் வலியுறுத்தியது. ஆனால் அதன் நோக்கம் என்ன? மீனவன் பிள்ளை கொஞ்சம் நல்ல மீனவனாக, விவசாயி பிள்ளை கொஞ்சம் நல்ல விவசாயியாக ஆனால் போதும் என்பதுதான் அன்றைய ஆங்கில ஆட்சியின் எண்ணம். அதற்குமேல் ஏறிவிடக் கூடாது. தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளின் நிலை இன்னும் மோசம். 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. நடத்தினார்கள். ஒரே கொட்டகை, ஒரே ஆசிரியர், எல்லா வகுப்பும் ஒன்றாக. கைத்திறன் கற்பிக்கத் தேவையில்லை என்று நிர்வாகத்துக்குத் தோன்றியிருக்கும். பால்மரம் சீவக் கற்றுக்கொடுக்கத்தான் வீடு இருக்கிறதே!

சுதந்திரத்துக்கு முன்னும் பின்னும் வந்த ரசாக் அறிக்கையும் (1956) ரஹ்மான் தாலிப் அறிக்கையும் (1960) ஒரே தேசியக் கல்வி முறைக்கு அடித்தளம் போட்டன. ஆனால் அந்த ஆண்டுகளில் ஆறாம் வகுப்பின் முடிவில் ஒரு நுழைவுத் தேர்வு இருந்தது. அதில் தேறிய சிறு பங்கினருக்கே இடைநிலைப்பள்ளி. தேறாதவர்களில் பலர் அத்தோடு படிப்பை விட்டார்கள். மற்றவர்களுக்குக் கைத்தொழில் பயிற்சி சார்ந்த தொடர்கல்விப் பள்ளிகள். ஒரு பிள்ளை எழுத்துத் தேர்வில் தோற்றால் அவனுக்கு மரவேலை, தோட்டவேலை, ஜெயித்தால் புத்தகம். கைவேலை என்றாலே தோல்விக்குக் கிடைக்கும் ஆறுதல் பரிசு என்ற எண்ணம் பெற்றோர் மனத்தில் விழுந்தது இங்கேதான். "படிக்காட்டி வேலைக்குத்தான் போகணும்" என்று நம் வீடுகளில் இன்றும் கேட்கும் மிரட்டலில் அந்த நுழைவுத் தேர்வின் வாசனை இருக்கிறது.

அந்த நுழைவுத் தேர்வு 1964ஆம் ஆண்டோடு முடிவுக்கு வந்தது. 1965 முதல் எல்லாப் பிள்ளைகளும் படிவம் 3 வரை தடையில்லாமல் போகலாம். தமிழ், சீனப் பள்ளிப் பிள்ளைகள் மட்டும் நடுவில் புகுமுக வகுப்பில் ஓராண்டு இருந்துவிட்டுப் போனார்கள். அதோடு கீழ் இடைநிலையில் ‘அனேகா ஜுருசான்’ என்ற பல்துறைக் கல்வி வந்தது. தொழிற்கலை, விவசாய அறிவியல், வாணிகம், மனையியல் ஆகிய நான்கில் ஒன்றை ஒவ்வொரு மாணவரும் எடுக்க வேண்டும். கைவேலை முதன்முறையாகத் தோற்றவர்களுக்கு மட்டும் என்றில்லாமல் எல்லோருக்கும் வந்தது. என் பார்வையில் நம் கல்வி வரலாற்றில் இது உரிய கவனம் பெறாத திருப்பம். நம் பாடநூல்கள் மொழிக் கொள்கையைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசுகின்றன. இதற்கு ஒரு வரிதான்.

திறனைப் பற்றிய தாள்

பல்துறைப் பாடங்கள் நான்கும் பின்னாளில் இடைநிலைப்பள்ளிக்கான ஒருங்கிணைந்த கலைத்திட்டத்தில் ‘கெமாஹிரான் ஹிடுப்’ என்ற வாழ்வியல் திறன் பாடத்துக்குள் அடங்கின. 1993இல் எஸ்.ஆர்.பி.க்குப் பதிலாக வந்த பி.எம்.ஆர். தேர்வில் அதற்கும் இடம் கிடைத்தது. மாணவர்கள் பட்டறையில் ஒரு பொருளைச் செய்து, அதற்கொரு கோப்பும் தயாரிக்க வேண்டும். எழுத்துத் தாளும் உண்டு.

அந்தத் தலைமுறையில் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். படத்தில் உள்ள கருவியின் பெயர் என்ன? இந்த மின்சுற்றில் விளக்கு ஏன் எரியவில்லை? சரியான விடைக்கு வட்டம் இடு. திருப்புளியைக் கையால் தொடாத பிள்ளைகூட ‘ஏ’ வாங்கலாம். வீட்டுக்குப் போய் ‘பிளக்’ மாற்றச் சொன்னால் முழிக்கும். அதே சமயம் பட்டறையில் கை நிற்காமல் வேலை செய்த பையன், மலாய்மொழியில் கேள்வி புரியாமல் ‘டி’ வாங்கினான். தமிழ்ப்பள்ளியிலிருந்து போன பிள்ளைகளுக்கு இது இரட்டை அடி.

வாழ்வியல் திறன் தேர்வுக்குள் வந்தபோது திறன் பின்னால் போய், திறனைப் பற்றிய தாள் முன்னால் வந்தது. உடற்கல்வியும் கலையும் தேர்வுக்கு வெளியே நின்றபோது பாடவேளையே போனது. உள்ளே போனால் உருமாறுகிறது, வெளியே நின்றால் காணாமல் போகிறது. இந்த இக்கட்டு இன்றுவரை தீரவில்லை.

1988இல் நடந்த இரண்டு

தொடக்கப்பள்ளிப் பக்கம் வருவோம். அன்றைய கல்வி அமைச்சர் மகாதீர் முகமது தலைமையில் 1974இல் அமைந்த அமைச்சரவைக் குழு, 1979இல் தன் அறிக்கையை வெளியிட்டது. தொடக்கப்பள்ளிப் பாடங்கள் பிள்ளைகளுக்குப் பெருஞ்சுமை, அடிப்படை எழுத்தும் வாசிப்பும் கணக்குமே பலருக்கு வரவில்லை என்பது அதன் முக்கியக் கண்டுபிடிப்பு. அதன் விளைவாக 1982இல் சோதனை முறையிலும் 1983இல் நாடு முழுதும் முதலாம் ஆண்டிலும் வந்ததுதான் கே.பி.எஸ்.ஆர். (மாணவர்களே, ஒரு சின்ன எச்சரிக்கை: 1983இல் அந்த ‘பி’ என்ற எழுத்து ‘பாரு’, அதாவது ‘புதிய’ என்பதைக் குறித்தது. 1993இல்தான் அது ‘பெர்செபாடு’, ‘ஒருங்கிணைந்த’ என்று மாறியது. ஆண்டு கேட்கும் கேள்விகளில் இது பலரை விழவைத்திருக்கிறது.)

கே.பி.எஸ்.ஆர். தன் மூன்று துறைகளில் ஒன்றையே தனியாள் வளர்ச்சிக்கு ஒதுக்கியது. இசையும் கலையும் உடற்கல்வியும் அதன்கீழ் வந்தன. கலைப்பாடத்தில் படம் வரைதல், தோரணமும் வடிவமும் உருவாக்குதல், உருவமைத்தலும் கட்டுதலும், பாரம்பரியக் கைவினை அறிதல் என்று நான்கு பிரிவுகள். பாத்தேக், பின்னல், வாவ் பட்டம் எல்லாம் உள்ளே வந்தன. நம் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் வடிவம் உருவாக்குதலில் கோலத்தையும் சேர்த்துக்கொண்டார்கள். புள்ளி வைத்து வளைத்துப் போடும் கோலத்தைவிடச் சமச்சீருக்கு நல்ல பாடம் கிடைக்குமா? தாளில் பார்த்தால் குறையே இல்லாத கலைத்திட்டம்.

1988ஆம் ஆண்டில் இரண்டு காரியங்கள் நடந்தன. ஒன்று, தேசியக் கல்வித் தத்துவம் வகுக்கப்பட்டது. அறிவு, ஆன்மிகம், உணர்வு, உடல் நான்கிலும் சமநிலை பெற்ற மனிதனை உருவாக்குவதே கல்வி என்று அது சொன்னது. நாம் ஒவ்வொருவரும் பயிற்சிக் கல்லூரியில் அதை மனப்பாடம் செய்து ஒப்பித்திருக்கிறோம். இன்னொன்று, அதே ஆண்டில் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு தொடங்கியது. அது சோதித்தவை மொழிகளும் கணிதமும். பின்னர் அறிவியலும் சேர்ந்தது. நான்கில் ஒன்றை மட்டும் அளந்த தேர்வு, நான்கையும் பேசிய தத்துவம், இரண்டும் ஒரே ஆண்டுப் பிள்ளைகள்.

எது ஜெயிக்கும் என்பதில் சந்தேகமே இல்லை. தமிழ்ப்பள்ளிகளில் ‘7 ஏ’ என்பது ஒரு சொல்லாகவே ஆகிவிட்டது. எத்தனை 7 ஏ என்பதைப் பள்ளி வாசலில் பதாகை கட்டிக் காட்டினோம். நாளிதழ்களில் படம் வந்தது. தமிழ்ப்பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பலாமா என்று யோசித்த பெற்றோரிடம் அந்த எண்ணைத்தான் காட்டினோம். இதை வெறும் தேர்வு மோகம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. மாணவர் எண்ணிக்கை குறைந்து பள்ளியே மூடப்படுமோ என்ற பயத்தில் இருந்த பள்ளிகளுக்கு அந்தப் பதாகை உயிர்க்கயிறு. உடற்கல்வி வேளையைக் கடன் வாங்கிய ஆசிரியர் தன் பள்ளியைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தார். அதில் உண்மையும் இருந்தது.

உடலை அளக்க ஒரு கருவி

2008இல் செகாக் என்ற உடல் தகுதிச் சோதனை பள்ளிகளில் நடைமுறைக்கு வந்தது. நான்காம் ஆண்டிலிருந்து படிவம் 5 வரை, ஆண்டுக்கு இருமுறை. மூன்று நிமிடம் பலகையில் ஏறி இறங்குவது, தண்டால், படுத்து அரைப்பங்கு எழுவது, உட்கார்ந்து கையை நீட்டி எட்டுவது. அதோடு உயரம், எடை. உடற்கல்விக்கு முதன்முதலாக நாடு முழுதும் பொதுவான ஓர் அளவுகோல் கிடைத்தது. ஓர் எண்ணாவது பதிவாகிறதே என்று உடற்கல்வி ஆசிரியர்கள் பலர் மகிழ்ந்தார்கள்.

ஆனால் செகாக் அளப்பது பிள்ளையின் உடல் தகுதியைத்தான். கற்றதை அல்ல. பிறவியிலேயே துடிப்பான பிள்ளை எதுவும் கற்காமலே நல்ல புள்ளி வாங்கும். மார்ச்சில் இரண்டு தண்டால் எடுத்து ஆகஸ்டில் ஆறு எடுத்த குண்டுப் பையனின் உழைப்பு, அட்டவணையில் கீழ்நிலையாகவே தெரியலாம். அந்த இரண்டுக்கும் ஆறுக்கும் நடுவில் இருப்பதுதானே கல்வி? உடற்கல்விக் கலைத்திட்டமே திறன், அறிவு, உடல் தகுதி, விளையாட்டுப் பண்பு என்று பிரித்துப் பேசுகிறது. செகாக் அதில் ஒரு பகுதிக்குத்தான் பதில் சொல்லும். அதையே முழு உடற்கல்வி மதிப்பீடாக நினைத்துக் கோப்பை மூடிவிடும் பழக்கம் இன்னும் சில இடங்களில் உண்டு.

பி1டி1இ1 காலம்

2011இல் கே.எஸ்.எஸ்.ஆர். கலைத்திட்டத்தோடு முதலாம் ஆண்டில் பள்ளிசார் மதிப்பீடு வந்தது; மறு ஆண்டு படிவம் 1க்குப் போனது. கொள்கையளவில் இது பெரிய மாற்றம். எல்லாப் பாடத்துக்கும் ஒரே அளவுகோல், ஒன்று முதல் ஆறு வரை. கணிதத்துக்கு என்ன மரியாதையோ அதே மரியாதை இசைக்கும் உடற்கல்விக்கும். புறப்பாடம், விளையாட்டு, செகாக் எல்லாம் சேர்ந்த தனிப் பிரிவும் அதில் இருந்தது. 1988இல் தத்துவம் சொன்னதை மதிப்பீடு முதன்முறையாக எட்டிப் பிடிக்கப் பார்த்தது.

நடந்தது வேறு. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு பாடத்துக்கும் ஆதாரம் வேண்டும். ‘பி1டி1இ1’ என்று குறியீடு போட்ட தாள்கள், ஒரு பிள்ளைக்கு ஒரு கோப்பு, கோப்பு அடுக்க அலமாரி. உருண்டு எழும் பயிற்சியில் பிள்ளை கழுத்தை மடக்கியிருக்கிறானா என்று பார்க்க வேண்டிய ஆசிரியர், கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். பாட்டுப் பாடியதற்கு எதை ஆதாரமாக வைப்பது? பாட்டு வரிகளை எழுதச் சொல்லி அந்தத் தாளைக் கோப்பில் போட்டவர்கள் உண்டு. இரவு பன்னிரண்டு, ஒரு மணிக்கு எழுந்து இணையத்தளத்தில் தரவு பதிந்த ஆசிரியர்களின் புலம்பல் நாடெங்கும் கேட்டது. எதிர்ப்பு வலுத்து, 2014இல் அமைச்சு முறையை எளிமையாக்கியது. கோப்புகளும் இணையப் பதிவும் குறைந்தன.

அந்தக் கோப்புச் சுமை ஒரு கெட்ட பாடத்தை விட்டுப்போனது. பள்ளிசார் மதிப்பீடு என்றாலே தாள்வேலை என்று ஆசிரியர் மனத்தில் பதிந்துவிட்டது. பின்னாளில் வகுப்பறைசார் மதிப்பீடு, அதாவது பி.பி.டி., வந்தபோது அதன் வழிகாட்டி ஆசிரியரின் தொழில்முறைத் தீர்ப்பை நம்பச் சொன்னது. ஒவ்வொன்றுக்கும் தாள் கேட்கவில்லை. ஆனால் சூடுபட்டவர்கள் நம்பத் தயாராக இல்லை.

தேர்வு போன பிறகு

2019 முதல் முதலாம், இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளுக்குத் தேர்வு இல்லை. 2020இல் பெருந்தொற்றால் யூ.பி.எஸ்.ஆர். நடக்கவில்லை. 2021 ஏப்ரலில் அது நிரந்தரமாக நிறுத்தப்பட்டது. 2022 ஜூனில் பி.தி.3யும் போனது. பிறகு நான்காம் ஆண்டு முதல் படிவம் 3 வரை ஆண்டிறுதித் தேர்வாக ‘உவாசா’ வந்தது. அதில் உடற்கல்வியோ காட்சிக்கலையோ இசையோ இல்லை. அவற்றுக்கு வகுப்பறைசார் மதிப்பீடு ஒன்றுதான். அதாவது ஆசிரியரின் கண், காது, மனசாட்சி.

இனிக் கடன் வாங்கக் காரணம் இல்லை என்று தோன்றும். ஆனால் பழைய கடன் புதுப் பெயரில் வருகிறது. பாடவேளை ஓரளவு பிழைத்துவிட்டது, மதிப்பீடு கடனாகிவிட்டது. அறிக்கை கொடுக்கும் வாரத்தில் உட்கார்ந்து, பெயர்ப்பட்டியலைப் பார்த்து, "எல்லாருக்கும் நாலு போட்டுடலாம், ரெண்டு பேருக்கு அஞ்சு" என்று முடித்துவிடுவது. கணித ஆசிரியர் இப்படிச் செய்தால் பெற்றோர் கேட்பார்கள். கலைப்பாடத்துக்கு யாரும் கேட்பதில்லை. உடற்கல்வியில் பயிற்சி பெறாத ஆசிரியருக்கே அந்தப் பாடம் போய்ச் சேர்வதும் ஒரு காரணம். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

எனக்கு உதவிய ஒரு வழியைச் சொல்கிறேன். ஒரு வேளையில் ஐந்து பிள்ளைகளை மட்டும் பாருங்கள். மற்றவர்கள் வழக்கம்போல் விளையாடட்டும், வரையட்டும். முப்பது பேர் வகுப்பென்றால் ஆறு வேளையில் ஒரு சுற்று முடியும். பார்த்ததை ஒரு வரியில் எழுதுங்கள்: ‘பந்தைப் பிடிக்கும்போது முகத்தைத் திருப்புகிறாள்’, ‘தோற்றதும் எதிரணியிடம் போய்க் கைகொடுத்தான்’. இரண்டாவது வரி விளையாட்டுப் பண்புக்கான மதிப்பீடு. எந்தச் செகாக் அட்டவணையிலும் அது கிடைக்காது. கலைப்பாடத்தில் முடிந்த படத்தை மட்டும் பார்க்காமல், அந்தப் பிள்ளையையே தன் படத்தைப் பற்றி இரண்டு நிமிடம் பேசவிடுங்கள். இந்த நிறம் ஏன், இங்கே என்ன சரியா வரல என்று. அழகாக வரைந்த பிள்ளை எதுவும் சொல்லத் தெரியாமல் நிற்கும். கோணல்மாணலாக வரைந்த பிள்ளை தன் பிழையைத் தானே காட்டும். கலையை நுகர்ந்து பாராட்டுவதும் கலைத்திட்டத்தில் ஓர் அங்கம் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். மாணவர் எண்ணிக்கை குறைந்த நம் தமிழ்ப்பள்ளிகளில் இது இன்னும் சுலபம். பத்துப் பேர் வகுப்பில் ஒரு பிள்ளையைக் கவனிக்கவில்லை என்று சொல்ல யாருக்கும் வாய் வராது.

என் பழைய ஆறாம் ஆண்டு வகுப்பு ஒன்றில் ஒரு பையன் இருந்தான். கணிதத்தில் எத்தனை கூடுதல் வகுப்பு வைத்தும் தேறவில்லை. தேர்வு முடிந்த வாரம், ஆண்டு முழுதும் கடன் வாங்கியதற்குப் பிராயச்சித்தமாக ஒரு கலை வேளையில் வாவ் பட்டம் கட்டச் சொன்னேன். மற்றவர்கள் ஒட்டிக்கொண்டிருக்கையில் அவன் மூங்கில் குச்சியை விரல் நுனியில் வைத்து எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தான். கனமான பக்கத்தைக் கொஞ்சம் சீவினான். மறுபடி விரலில் வைத்தான். எந்தப் புத்தகத்திலும் நான் அதைச் சொல்லிக் கொடுத்ததில்லை. அன்று சாயந்தரம் திடலில் ஏறியது அவனுடைய பட்டம் மட்டும்தான்.

ஆண்டிறுதிப் புள்ளிகளை நான் அதற்கு இரண்டு வாரம் முன்பே போட்டு அனுப்பியிருந்தேன். கலைக்கல்வி, 70. பட்டியலில் அவனுக்கு மேலே இருந்தவளுக்கும் 70, கீழே இருந்தவனுக்கும் 70.